கோடைப் பயிற்சி முடிந்தது, வகுப்பு கசக்கிறது

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்று ஆண்டுகளை முடித்து நான்காம் ஆண்டுக்கு வந்திருக்கிறேன். மே மாதப் பாதியில் தொடங்கி நான்கு வாரம் ஓர் உரிமையியல் வழக்கறிஞரின் அலுவலகத்தில் பயிற்சி பெற்றேன். கேஸ் கட்டுகளைப் படித்தேன். கட்சிக்காரர்கள் பேசும்போது உடன் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பிரதிவாதி வராததால் அவர் தரப்பைக் கேட்காமலே வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு, அதைத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இரண்டையும் பழைய மனுக்களைப் பார்த்து நானே எழுதினேன். மனுதாரரின் வறுமையைப் பற்றி நான் உருக்கமாக எழுதியிருந்த பத்தியை சீனியர் முழுவதுமாக அடித்துவிட்டு, ஓரத்தில் மூன்று தேதிகளை மட்டும் எழுதினார். ஒரு நாள் அவர் வேறொரு நீதிமன்றத்தில் இருந்தபோது, நானே எழுந்து வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுத்துக்கொள்ளுமாறு நீதிபதியிடம் கேட்டேன். இப்போது கல்லூரி திறந்துவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்ட வகுப்பில் விதிகளை வாசித்துக் குறிப்பு சொல்கிறார்கள், மனம் ஒட்டவில்லை. '90 நாளில் எதிருரை (பிரதிவாதியின் எழுத்துப்பூர்வமான பதில்) என்பதெல்லாம் புத்தகத்தில்தான்' என்று அலுவலகத்தில் இருந்த ஜூனியர் அண்ணன் சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. சீனியர் தினமும் வரச் சொல்கிறார். காலை வகுப்புகளை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போகலாமா? நான் எழுதிய மனுவை அடுத்த பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு மாதிரியாக வைக்கலாமா?

பதில்: காலை வகுப்புகளை விட்டுவிட்டுப் போக வேண்டாம். சனிக்கிழமைகளில் போங்கள். தேர்வு மாதத்தில் அதையும் நிறுத்திவிடுங்கள். இதை சீனியரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தினமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி நாள் வராமல் போகும் மாணவரைவிட, வாரம் ஒரு நாள் என்று சொல்லி அந்த ஒரு நாள் தவறாமல் வருபவரைத்தான் எந்த அலுவலகமும் நம்பி வேலை கொடுக்கும்.

நீங்கள் பார்த்த அலுவலகம் கோடைக்கால அலுவலகம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. அவசர மனுக்களைத் தவிர மற்றவை நடப்பதில்லை. அதனால்தான் உங்கள் சீனியருக்கு ஒரு மாணவியின் வரைவை வரி வரியாகத் திருத்த நேரம் கிடைத்தது. ஜூனில் நீதிமன்றம் திறந்த பிறகு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர் உங்களிடம் எத்தனை வார்த்தை பேசியிருப்பார்? இனி நீங்கள் வார நாளில் காலையில் போனால் ஜெராக்ஸ் எடுப்பதும், கட்டு தூக்குவதும், காரிடாரில் காத்திருப்பதும்தான் பெரும்பாலும் வாய்க்கும். அவையும் கற்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை ஒருவர் உட்கார்ந்து முழுவதும் நடத்துகிற வகுப்புக்கு அவை ஈடாகாது. பட்டம் வாங்கி வழக்கறிஞரான பிறகு அந்தச் சட்டத்தை முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை யாரும் உங்களுக்கு நடத்தப் போவதில்லை. அன்றைய வழக்குக்கு எது தேவையோ அதை மட்டும் புரட்டிப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

வகுப்பு கசப்பதற்கு ஆசிரியர் குறிப்பு சொல்லும் விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதற்கு மாற்று இருக்கிறது. சீனியர் அடித்த அந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம்.

மூன்று தேதிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன தேதிகள் என்று சொல்லவில்லை. என் ஊகம்: தீர்ப்பாணை பிறப்பிக்கப்பட்ட நாள், அது மனுதாரருக்குத் தெரியவந்த நாள், அவர் வழக்கறிஞரைச் சந்தித்த நாள் அல்லது மனு தாக்கலாகும் நாள். இந்தத் தேதிகள் ஏன் என்பதற்கான பதில் 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில், உறுப்பு 123-இல் இருக்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோர 30 நாள் அவகாசம். அந்த 30 நாள் தீர்ப்பாணையின் தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படவில்லை, அதாவது பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். இப்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் கட்சிக்காரருக்குச் சம்மனே வந்து சேரவில்லை, விஷயம் தெரிந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார் என்றால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் இரண்டாவது மனு எதற்கு? எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் சேர்த்துப் போடும் வழக்கம் உண்டு. சில சமயம் அது விவேகம். சில சமயம், தாமதம் இல்லாத இடத்தில் தாமதத்தை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். எந்த வழக்கில் எது என்று முடிவு செய்யச் சம்மன் எப்படிச் சார்பு செய்யப்பட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5. உங்கள் ஆசிரியர் வாசித்துக்கொண்டே போகும், உங்களுக்குத் தூக்கம் வரவழைக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து கட்டளை 9, விதி 13. சம்மன் முறையாகச் சார்பாகவில்லை, அல்லது போதிய காரணத்தால் வர முடியவில்லை, இரண்டில் ஒன்றைக் காட்டினால் தீர்ப்பாணை ரத்தாகும். அதன் கீழுள்ள வரம்புரையையும் (விதிக்கு எல்லை போடும் பகுதி) விடாமல் படியுங்கள். சம்மன் சார்பு செய்ததில் சிறு முறைகேடு இருந்தது என்பது மட்டும் போதாது. வழக்கு விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்லப் போதிய நேரமும் இருந்தது என்று நீதிமன்றம் கருதினால் மனு தோற்கும். இந்த விதியில் எங்காவது வறுமை என்று இருக்கிறதா? மனுதாரர் ஏழை என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த வறுமையால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அவரால் என்ன செய்ய முடியாமல் போனது என்று சொன்னால் அது காரணம். சொல்லாவிட்டால் வெறும் உருக்கம். உங்கள் சீனியர் அடித்தது உருக்கத்தை. எழுதியது காரணத்தின் எலும்புக்கூட்டை.

இதே சங்கதியில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்கு ஒன்று இருக்கிறது: என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி, 1998. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரிய மனு ஆள் வராததால் தள்ளுபடியானது. அந்தத் தள்ளுபடியை ரத்து செய்யக் கோரியதில் 883 நாள் தாமதம். தம் வழக்கறிஞர் உரிய நேரத்தில் விவரம் சொல்லவில்லை என்பது மனுதாரரின் விளக்கம். விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் மன்னித்தது. தாமதத்தின் நீளம் பொருட்டல்ல, சொல்லப்படும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல். மிகச் சிறிய தாமதமும் விளக்கம் இல்லாவிட்டால் மன்னிக்க முடியாததாகலாம் என்றது தீர்ப்பு. சிறிய தீர்ப்புதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு உங்கள் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்திய பிரதி உங்களிடம் இல்லை என்றால், வரும் சனிக்கிழமை அதை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சான்றிதழைவிட அது பெரிய சம்பாத்தியம்.

பழைய மனுவைப் பார்த்து எழுதியதில் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். எங்கே தேதியை மாற்ற வேண்டும் என்பது அலுவலகத்தில் தெரிந்துவிடும். ஏன் அங்கே தேதி இருக்கிறது என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்த 'ஏன்'களின் சூடு ஆறுவதற்குள் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லூரி திறந்த முதல் இரண்டு மூன்று வாரம்தான் அதற்கு நேரம். அதற்கு மேல் போனால் என்ன பார்த்தோம் என்பதே மங்கிவிடும். பயிற்சியில் பார்த்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன நடந்தது, எது புரியவில்லை என்று எழுதுங்கள். மறுநாள் எந்தக் கட்டளை நடத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் முந்தைய இரவே அதை வாசித்து, உங்கள் பக்கங்களில் அது எங்கே தட்டுப்படுகிறது என்று தேடுங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். வகுப்பு நடுவில் எழுந்து 'கோர்ட்டில் அப்படி இல்லையே சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். நான்கு வாரப் பயிற்சியோடு அப்படிப் பேசும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சக மாணவர்களுக்கே அவர்களைப் பிடிப்பதில்லை.

அந்த ஜூனியர் அண்ணன் சொன்னதற்கு வருவோம். பாதி உண்மை. கட்டளை 8, விதி 1-இன்படி சம்மன் சார்பான 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணங்களைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், இந்தக் காலக்கெடு வழிகாட்டும் தன்மையுடையதுதான், விதிவிலக்கான சூழலில் அதன் பிறகும் நீதிமன்றம் ஏற்கலாம் என்றது. அலுவலகங்களில் புழங்கும் 'புத்தகத்தில்தான்' என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். ஆனால் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்த பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வணிகத் தகராறு வழக்குகளில் 120 நாள்தான் எல்லை. அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நீதிமன்றம் நினைத்தாலும் ஏற்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. சாதாரண வழக்குகளை மட்டும் பார்த்துப் பழகிய ஒருவர் அதே நினைப்போடு ஒரு வணிக வழக்கில் 121-வது நாள் எதிருரையோடு போய் நின்றால் கட்சிக்காரரின் கதை அத்தோடு முடிந்தது. 'நடைமுறை வேறு' என்று யாராவது சொன்னால், எந்தத் தீர்ப்பின்படி, எந்த வகை வழக்கில் என்று ஒரு கேள்வி கேட்டுவையுங்கள், மனதுக்குள்ளாவது.

வருகைப் பதிவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகையைக் கேட்கின்றன. அதே விதிகள் ஐந்தாண்டு படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டு, எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. பயிற்சி முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர், மேல்முறையீட்டு வழக்கறிஞர் ஆகியோரிடம் ஒரு முறையாவது பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் மேல்முறையீடு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் சேர்வதைப் பற்றி யோசியுங்கள். உங்கள் சீனியர் வருத்தப்பட மாட்டார். அவரே பரிந்துரைக்கவும் கூடும்.

உங்கள் குறிப்பேட்டுக்கு மதிப்பெண்ணும் உண்டு என்பது தெரியுமா? கட்டாயச் செயல்முறைத் தாள்களில் ஒன்று மாதிரி நீதிமன்றமும் பயிற்சியும் பற்றியது, 100 மதிப்பெண். அதில் ஓர் உரிமையியல் வழக்கு, ஒரு குற்றவியல் வழக்கு என இரண்டு விசாரணைகளைப் பார்த்து எழுதுவதற்கு 30. கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் விவரம் கேட்பதையும் மனு தயாரித்துத் தாக்கல் செய்வதையும் கவனித்து நாட்குறிப்பு எழுதுவதற்கு 30. கடைசி ஆண்டில் நண்பர்களின் ஏட்டைப் பார்த்து அவசர அவசரமாக எழுதுபவர்கள்தான் அதிகம். நீங்கள் கட்சிக்காரருடன் உட்கார்ந்து எடுத்த குறிப்பு இப்போதே கையில் இருக்கிறது. ஆசிரியரிடம் காட்டி எந்த வடிவில் எழுதினால் ஏற்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் ஒரு விஷயம் எனக்குக் கவலை தந்தது. நீதிபதி முன் எழுந்து நின்று கேட்டது. அன்று எதுவும் ஆகவில்லை, சரி. ஆனால் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞர்தான் நீதிமன்றத்தில் தொழில் செய்யலாம். ஒரு குறிப்பிட்ட வழக்கில் மற்றவர் முன்னிலையாக நீதிமன்றம் பிரிவு 32-இன் கீழ் அனுமதிக்கலாம். அதை அனுமதி கேட்டுப் பெற வேண்டும். தகுதியில்லாமல் தொழில் செய்தால் பிரிவு 45-இன்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு 'பாஸ் ஓவர்' கேட்டதற்கு யாரும் உங்களைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் 'நீங்கள் யாருக்காக முன்னிலையாகிறீர்கள், உங்கள் பதிவு எண் என்ன?' என்று நீதிபதி கேட்டிருந்தால் தலைகுனிவு உங்களுக்கும் சீனியருக்கும் சேர்த்துத்தான். அடுத்த முறை யாராவது போய்ச் சொல்லிவிட்டு வா என்றால், 'நான் இன்னும் மாணவி, வேறு வழக்கறிஞர் யாரையாவது சொல்லச் சொல்கிறேன்' என்று தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்து அலுவலக ஜூனியர் ஒருவர் எப்போதும் அங்கே நின்றுகொண்டுதான் இருப்பார்.

குற்றவியல் கட்டுகளையும் பார்த்திருந்தால் இன்னொரு குழப்பம் வரும். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. முன்ஜாமீன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 438. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482. பழைய சட்டத்தில் 482 என்பதோ உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அது இப்போது 528. அலுவலகத்தில் மூத்தவர்கள் பழைய எண்ணையே சொல்வார்கள், பழைய நிலுவை வழக்குகளில் அதற்கு வேலையும் இருக்கிறது. தேர்வில் கைப்பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

வழக்குகளோடு தொடர்பு விட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் வேலை பார்த்த வழக்குகளின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாள எண்) குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்ன, என்ன உத்தரவானது என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வழக்குகள் போதும். உங்கள் தாமத மன்னிப்பு மனுவில் உத்தரவு வந்ததும் அதை வாசியுங்கள். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடா, சீராய்வா? தாமத மனு தள்ளுபடியானால் ஒரு விடை, கட்டளை 9 மனுவே தள்ளுபடியானால் வேறு விடை வரலாம். கட்டளை 43-ஐயும் பிரிவு 115-ஐயும் வைத்து ஆசிரியரோடு ஒரு மாலை முழுக்க விவாதிக்கலாம்.

கடைசியாக, மாதிரி மனு. வைக்க வேண்டாம் என்பேன். தாக்கலாகிவிட்ட மனு நீதிமன்ற ஆவணம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்குள் போனவை அலுவலகத்தில் கட்சிக்காரர் நம்பிச் சொன்னவை. தாக்கலாகாத வரைவில் அதைவிட அதிகம் இருக்கும். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 132-இல் இருக்கிறது. அது வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் பொருந்தும். பயிற்சி மாணவி ஊழியரா என்று நாம் வாதம் செய்யலாம், கட்சிக்காரருக்கு அந்த வாதம் தேவையில்லை. உங்கள் கைபேசியில் கேஸ் கட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தால் சீனியரிடம் சொல்லிவிட்டு இன்றே அழித்துவிடுங்கள். வகுப்புத் தோழிகளிடம் பேசும்போதும் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், சொத்து, குடும்பத் தகராறு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஆள் யாரென்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மனுவுக்குப் பதிலாக, 'சம்மன் சார்பாகாத பிரதிவாதிக்குத் தாமத மன்னிப்பு மனு தேவையா?' என்ற கேள்வியை மட்டும் எடுத்து, கற்பனையான தேதிகளும் பெயர்களும் வைத்து இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு சட்டக் குறிப்பு எழுதுங்கள். உறுப்பு 123, கட்டளை 5, கட்டளை 9 விதி 13, மேலே சொன்ன தீர்ப்பு, இவையே போதும். பழைய மனுவைப் பார்த்து எழுதியதா, சொந்தமாக யோசித்து எழுதியதா என்பது பயிற்சிக்கு ஆள் எடுப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். முதலில் உரிமையியல் நடைமுறைச் சட்ட ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை சீனியரிடம் கொடுங்கள். அவர் மறுபடி ஒரு பத்தியை அடிப்பார் என்றே நினைக்கிறேன். அதையும் சேர்த்துத் திருத்திய பிறகு விண்ணப்பத்தோடு வையுங்கள்.